விளையாட்டுக் கழகங்களும் சமூக வலைத்தளங்களும்

விளையாட்டு ஆடுவோர்க்கு மட்டும் உரியதன்று. அதனைக் காண்போர்க்கும் உரியது. எல்லைக் கோட்டுக்கு உள்ளே பதினொருவர் ஆடுகின்றனர். கோட்டுக்கு வெளியே ஓர் ஊரே நின்று அவர்தம் வெற்றியைத் தன் வெற்றியாகவும் தோல்வியைத் தன் தோல்வியாகவும் கொள்கின்றது. இவ்வுறவு இல்லையாயின் உலகத்துப் பெருங் கழகங்கள் நூறாண்டு நிலைத்திரா. ஆதலின், களத்தில் நிகழ்வதைக் களத்துக்கு வெளியே உள்ளார்க்கு எடுத்துரைக்கும் பணியும் விளையாட்டோடு உடன்பிறந்த பணியே ஆகும்.

முன்னாளில் இப்பணியை ஆட்டம் பார்த்து வந்தவரின் வாய்மொழி செய்தது. மறுநாட் காலையில் வரும் பத்திரிகை செய்தது. பின்னர் வானொலியும் தொலைக்காட்சியும் செய்தன. வாய்மொழி ஒழிந்த ஏனையவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. சொல்வோர் சிலர், கேட்போர் பலர், கேட்டவர் மறுமொழி கூற வழி இல்லை. இந்நிலையை மாற்றியவை சமூக வலைத்தளங்கள். முகநூல் 2004 ஆம் ஆண்டிலும், யூடியூப் 2005 ஆம் ஆண்டிலும், டுவிட்டர் 2006 ஆம் ஆண்டிலும், வட்ஸ்அப் 2009 ஆம் ஆண்டிலும், இன்ஸ்ரகிராம் 2010 ஆம் ஆண்டிலும் தோன்றின. டுவிட்டர் 2023 ஆம் ஆண்டில் 'எக்ஸ்' எனத் தன் பெயரை மாற்றிக் கொண்டது. இவற்றின் வரவாற் கேட்போர் அனைவரும் சொல்வோரும் ஆயினர். வாய்மொழியின் விரைவும் பத்திரிகையின் பரப்பும் ஒருங்கே கூடின என்று கூறினும் பொருந்தும்.

இப்பொருளை விழா மலரிலே ஆராய்வதற்குக் காரணம் உண்டு. எமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று கொழும்பிலும், இலண்டனிலும், தொரந்தோவிலும், சிட்னியிலும் பரந்து வாழ்கின்றனர். கல்லூரி மைதானத்தில் நிகழும் ஆட்டத்தை அவர்கள் அறிவது பெரும்பாலும் கைத்தொலைபேசியின் சிறு திரையிலேயே. மாணவரோ அத்திரையிற் காணப்படுவோராகவும் காண்போராகவும் இருக்கின்றனர். ஆகவே, உலகின் கழகங்கள் இவ்வூடகத்தை எங்ஙனம் பயன்படுத்துகின்றன, அதனால் விளைந்த நன்மை யாது, தீமை யாது, அவற்றுள் ஒரு கல்லூரி கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பனவற்றைச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

முதற்பயன் அறிவித்தல். முன்னர் ஒரு கழகம் தன் செய்தியைப் பத்திரிகையாளரிடம் கொடுத்துவிட்டு அது அச்சேறும்வரை காத்திருந்தது. இன்று கழகமே தனக்குப் பத்திரிகை. கழகமே தனக்குத் தொலைக்காட்சி. ஆடுவோர் பட்டியல், ஆட்டந் தொடங்கும் நேரம், மழையால் ஏற்பட்ட தடை, வீரர் ஒருவருக்கு நேர்ந்த காயம் ஆகிய யாவும் கழகத்தின் பக்கத்திலேயே முதலில் வெளிவருகின்றன. பெருங் கழகங்களில் எழுதுவோர், படம் பிடிப்போர், ஒளிப்படங்களை வெட்டித் தொகுப்போர் என இதற்கெனவே ஒரு கூட்டத்தார் சம்பளம் பெற்றுப் பணி செய்கின்றனர். பயிற்சிக் களத்தின் வேடிக்கை, உடைமாற்றும் அறையின் மகிழ்ச்சி, பேருந்துப் பயணத்தின் பாடல் என முன்பு எவரும் காணாத காட்சிகளையும் இவர்கள் காட்டுகின்றனர். இவற்றைக் காணும் அன்பர் தாமும் அணியுள் ஒருவர் என எண்ணுகின்றார்.

இவ்விடத்தில் அத்தளங்கள் இயங்கும் முறையை ஒருவாறு அறிந்து கொள்ளல் வேண்டும். ஒரு பக்கத்தில் இடும் பதிவு அதனைப் பின்தொடரும் அனைவருக்கும் ஒரே வகையாகச் சென்று சேர்வதில்லை. எவருக்கு எதனை முதலிற் காட்டுவது என்பதைத் தளத்தின் கணினி நிரல் தீர்மானிக்கின்றது. மக்கள் நின்று பார்ப்பதையும், விருப்பக் குறி இடுவதையும், பிறருக்கு அனுப்புவதையும், மறுமொழி எழுதுவதையும் அது கணக்கிட்டு, அத்தகைய பதிவுகளை மேலும் பலருக்குக் காட்டுகின்றது. விளம்பரத்தால் வாழும் நிறுவனத்துக்குப் பார்ப்போர் நெடுநேரம் இருப்பதே ஊதியம். பொறுமையாக எழுதிய ஆட்ட விமரிசனத்தை நூறு பேர் படிக்குமுன், வீரன் வழுக்கி விழுந்த காட்சியை நூறாயிரம் பேர் பார்த்து விடுவது இதனாலேயே. நன்மைக்கும் தீமைக்கும் வேர் இதுவே என்பதை நினைவிற் கொள்க.

இரண்டாம் பயன் ஆட்டத்தையே நேரிற் காட்டுதல். 2010 ஆம் ஆண்டு இந்தியன் பிறீமியர் லீக் துடுப்பாட்டப் போட்டிகள் யூடியூப் வாயிலாக நேரடியாகக் காண்பிக்கப்பட்டன. தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் துணையின்றியும் ஓர் ஆட்டம் உலகெங்கும் செல்லலாம் என்பதை அது காட்டிற்று. எமது நாட்டிலே, பாடசாலை ஆட்டங்களின்போது முழங்கும் பப்பரே வாத்தியத்தின் பெயரையே தாங்கிய 'த பப்பரே' என்னும் இணையத்தளம் பாடசாலைகளின் துடுப்பாட்டத்தையும் றக்பியையும் நேரடியாகக் காண்பித்து வருகின்றது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெருஞ் சமர்' 1904 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அக்காலத்திற் கடல் கடந்து சென்ற பழைய மாணவர் ஒருவர் அதன் முடிவை அறியக் கப்பலில் வரும் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். இன்று பந்து வீசப்பட்ட சில நொடிகளில் அவர் அதனைக் காணலாம்.

மூன்றாம் பயன் உறவைப் பேணுதல். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் தடை பெற்று ஆடாதிருந்தது. 2018 ஆம் ஆண்டு மீண்டு வந்து அவ்வாண்டே கிண்ணத்தையும் வென்றது. ஆடாத காலத்தும் அன்பர் கலையாமல் நின்றமைக்குப் பல காரணங்கள் உண்டெனினும், அவ்வணி மக்களோடு பேசும் முறையும் கருதத்தக்கது. சென்னைத் தெருவிலே வழங்கும் பேச்சுத் தமிழை அது தன் பதிவுகளிற் கூசாது கையாளுகின்றது. தம் வாய்மொழியிலேயே தம்மோடு பேசும் அணியை மக்கள் தம்முடையது எனக் கொள்வது இயல்பு. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கத்தை மட்டும் நாம் விரும்பவில்லை. தமிழைத் தமிழ் எழுத்திலே எழுதினால் எந்த அன்பர் குறைந்து விடுவார்?

நான்காம் பயன் பொருளீட்டல். பின்தொடர்வோரின் தொகை மிகுந்த பக்கத்திலே தம் சின்னம் தோன்ற வேண்டும் என அனுசரணையாளர் விரும்புகின்றனர். ஆகவே கழகமும் வீரரும் அத்தொகையைச் செல்வமாகவே மதிக்கின்றனர். சில வேளைகளில் வீரர் கழகத்தினும் பெரியராகி விடுகின்றார். போர்த்துக்கல் நாட்டு உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்ரியானோ றொனால்டோவை இன்ஸ்ரகிராமிற் பின்தொடர்வோர் 2022 ஆம் ஆண்டிலேயே 50 கோடியைக் கடந்தனர். அவ்வாண்டின் இறுதியில், உலகக் கிண்ணத்தை ஏந்திய லியோனல் மெஸ்சி வெளியிட்ட படத்துக்கு 7 கோடிக்கு மேற்பட்டோர் விருப்பக் குறி இட்டனர்.

இத்தகைய புகழ் சிறிய ஆட்டங்களுக்கும் உதவுதல் கூடும். அமெரிக்கப் பெண்கள் றக்பி அணியைச் சேர்ந்த இலோனா மாஹெர் 2024 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் வெண்கலப் பதக்கம் பெற்றார். தம் ஆட்டத்தைப் பற்றியும் தம் உடல் வலிமையைப் பற்றியும் அவர் வெளியிட்ட குறும்படங்களாற் பல இலட்சம் மக்கள் அவரை அறிந்தனர். அவர் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் கழகத்திற் சேர்ந்தபோது, 2025 ஆம் ஆண்டு சனவரியில் நிகழ்ந்த அவரது முதலாட்டத்தைக் காண விரும்பினோர் மிகப் பலர். அதனாற் கழகத்தார் ஆட்டத்தையே பெரிய மைதானத்துக்கு மாற்றினர். 9,000 பேருக்கு மேல் நேரில் வந்து கண்டனர். திரையிற் பிறந்த ஆர்வம் மைதானத்துக்கு ஆளைக் கொணர்ந்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பொருளுள்ள இடத்திலே பிணக்கும் உண்டு. ஒலிம்பிக் சாசனத்தின் 40 ஆம் விதி, விழா நடைபெறும் நாள்களிலே வீரர் தம் சொந்த அனுசரணையாளரின் விளம்பரத்துக்குத் தம் பெயரையும் படத்தையும் கொடுப்பதைத் தடுத்து வந்தது. 2012 ஆம் ஆண்டு இலண்டன் விழாவின்போது அமெரிக்க வீரர் பலர் இவ்விதியை எதிர்த்து டுவிட்டரிலேயே குரல் எழுப்பினர். பின்னர் 2015 ஆம் ஆண்டிலும் 2019 ஆம் ஆண்டிலும் அவ்விதி தளர்த்தப்பட்டது. வாய் திறக்க இடமின்றி இருந்த வீரருக்கு ஒரு மேடை கிடைத்தமை இவ்வூடகத்தின் நற்பயனே.

ஐந்தாம் பயன் எல்லாவற்றினும் சிறந்தது, அது தொண்டு. ஒரு கழகம் புதிய வீரரைச் சேர்க்கும் நாளில் அவ்வறிவிப்பைப் பல இலட்சம் மக்கள் ஆவலோடு பார்ப்பர். 2019 ஆம் ஆண்டு கோடையில் இத்தாலியின் உரோமாக் கழகத்தார் இவ்வாவலை அறவழியிற் பயன்படுத்தினர். புதிய வீரரை அறிவிக்கும் குறும்படத்திலே, காணாமற் போன குழந்தைகளின் படங்களையும் விபரங்களையும் வீரரின் படத்தோடு அருகருகே காட்டினர். பல நாடுகளிற் காணாமற் போனோரைத் தேடும் அமைப்புக்கள் இதற்குத் துணை நின்றன. அங்ஙனம் காட்டப்பட்ட குழந்தைகளுட் சிலர் பின்னர்க் கண்டுபிடிக்கப்பட்டனர். பணச் செலவு மிகவில்லை. புதுக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. முன்னரே கூடியிருந்த கண்களை வேறொரு திசைக்குத் திருப்பினர்; அவ்வளவே. பக்கத்தின் பெருமை அதனைப் பார்ப்போரின் தொகையில் இல்லை. அத்தொகை எதற்குப் பயன்படுகின்றது என்பதில் உள்ளது.

தொகையை நம்பிய முயற்சி என்னாகும் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் எப்ஸ்பிளீற் யுனைற்றெட் என்னும் சிறிய உதைபந்தாட்டக் கழகத்தை, இணையத்தின்வழி ஆளுக்கு 35 பவுண் கொடுத்துச் சேர்ந்த பல்லாயிரம் அங்கத்தவர்கள் 2008 ஆம் ஆண்டிற் கூட்டாக வாங்கினர். கழகத்தின் கருமங்களை வாக்கெடுத்து நடத்துவதே அவர்கள் நோக்கம். அவ்வாண்டே கழகம் வெம்பிளி மைதானத்தில் ஒரு கிண்ணத்தையும் வென்றது. ஆயினும் புதுமை தேய்ந்ததும் அங்கத்தவர் ஆண்டுதோறும் குறைந்தனர். 2013 ஆம் ஆண்டிற் கழகம் வேறு கைக்கு மாறிற்று. மற்றொருபுறம், 2016 ஆம் ஆண்டு யூடியூப் படங்களுக்காக நண்பர் சிலர் கூடி அமைத்த 'ஹாஷ்ராக் யுனைற்றெட்' என்னும் அணி, 2018 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் முறையான போட்டி வரிசையின் கீழ்ப்படியிற் சேர்ந்து ஆடத் தொடங்கிற்று. முன்னையது, வந்த கூட்டத்தை நிறுத்தி வைக்க இயலாது தளர்ந்தது. பின்னையது, நாள்தோறும் ஆடியும் உழைத்தும் கூட்டத்தை நிறுத்திக் கொண்டது. கூட்டம் வருவது ஒரு நாளில். நிலைப்பது பல நாள் உழைப்பில்.

கூட்டத்தின் குரலுக்கு ஆற்றல் இல்லை என எண்ணுதலும் பிழை. 2021 ஆம் ஆண்டு ஏப்பிரில் 18 ஆம் நாள் ஐரோப்பாவின் 12 பெருங் கழகங்கள் தமக்குள்ளே தனிப் போட்டி ஒன்றை அமைப்பதாக அறிவித்தன. உடனே அன்பர்கள் வலைத்தளங்களிலும் வீதிகளிலும் திரண்டு எதிர்த்தனர். வீரரும் பயிற்சியாளரும் அரசுகளும் உடன் சேர்ந்தனர். 20 ஆம் நாள் முடியுமுன் இங்கிலாந்தின் 6 கழகங்களும் பின்வாங்கின. தம்மைப் பின்தொடர்வோர் வெறும் எண்கள் அல்லர், மனிதர் என்பதை அக்கழகங்கள் அன்று கண்டன.

இனித் தீமைகளைக் கூறுவாம். வாய்ச்சொல் காற்றோடு போம். எழுதிய சொல் நிற்கும். வலைத்தளத்தில் எழுதியதோ நிற்பதோடு அமையாது பறக்கவும் செய்யும். 2010 ஆம் ஆண்டு ஏப்பிரிலில் இந்தியன் பிறீமியர் லீக்கின் தலைவராயிருந்த லலித் மோடி, புதிய கொச்சி அணியின் பங்குதாரர் விபரத்தை டுவிட்டரில் வெளியிட்டார். அதனால் எழுந்த சர்ச்சையில் ஒரு வாரத்திலே இந்திய இணை அமைச்சர் சசி தரூர் பதவி துறந்தார்; அம்மாதமே மோடியும் பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். 2012 ஆம் ஆண்டு கிரேக்க நாட்டு முப்பாய்ச்சல் வீராங்கனை ஒருவர் ஆபிரிக்கக் குடியேற்றவாசிகளை ஏளனஞ் செய்து எழுதியமையால், இலண்டன் ஒலிம்பிக் விழாத் தொடங்குமுன்னரே அணியிலிருந்து நீக்கப்பட்டார். 2019 ஆம் ஆண்டு ஹூஸ்ரன் கூடைப்பந்தாட்ட அணியின் முகாமையாளர் டரில் மோரி, ஹொங்கொங் போராட்டக்காரரை ஆதரித்து ஒரு வரி எழுதினார். எழுதியதை அவர் விரைவில் நீக்கியும் பயனில்லை. சீன அரசுத் தொலைக்காட்சி அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் ஆட்டங்களை ஒளிபரப்புவதை நிறுத்திற்று. எழுதிய கருத்துச் சரியோ பிழையோ என்பது வேறு. ஒருவர் எழுதிய வரிக்கு அமைப்பு முழுவதும் விடை சொல்ல நேர்கின்றது என்பதே இங்கு அறியத்தக்கது.

மாணவர் சிறப்பாக உளங்கொள்ளத்தக்க வரலாறு ஒன்று உண்டு. 2021 ஆம் ஆண்டு யூன் 2 ஆம் நாள் இங்கிலாந்தின் ஒல்லி ரொபின்சன் லோட்ஸ் மைதானத்திலே தமது முதலாவது ரெஸ்ற் ஆட்டத்தை ஆடினார். அவ்வாட்டத்தில் 7 விக்கெற்றுக்களையும் வீழ்த்தினார். ஆனால், 2012 ஆம் 2013 ஆம் ஆண்டுகளில், தம் 18, 19 ஆம் வயதுகளில், அவர் டுவிட்டரில் எழுதிய இன இழிவும் பெண் இழிவும் நிறைந்த பதிவுகளை எவரோ தேடி எடுத்து அன்றே பரப்பினர். அவர் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். ஆயினும் அடுத்த ஆட்டத்தில் ஆடாதவாறு இடைநிறுத்தப்பட்டார். வாழ்வின் சிறந்த நாள் வருத்தத்தின் நாளாயிற்று. வள்ளுவனார் நாவைக் காக்கும் அறத்தை அடக்கமுடைமை என்னும் அதிகாரத்திலே வைத்தார். இக்காலத்து மாணவன் நாவோடு விரலையும் காத்தல் வேண்டும்.

பிறர் எழுதும் சொல்லால் வீரர்க்கு நேரும் துன்பம் இதனினும் கொடிது. 2021 ஆம் ஆண்டு யூலை 11 ஆம் நாள் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் இத்தாலிக்கு எதிரான தண்ட உதைகளில் இங்கிலாந்தின் றாஷ்போர்ட், சாஞ்சோ, சாக்கா என்னும் மூவரும் தவறினர். மூவரும் கறுப்பினத்தவர். அவ்விரவே வலைத்தளங்களில் அவர்கள்மேல் இழிசொற்கள் மழையெனப் பொழிந்தன. சாக்காவுக்கு அப்பொழுது வயது 19. அவ்வாண்டு ஏப்பிரில் இறுதியிலேயே இங்கிலாந்தின் உதைபந்தாட்ட அமைப்புக்கள் ஒன்றுகூடி நான்கு நாள் சமூக வலைத்தளங்களைப் புறக்கணித்திருந்தன. அதன் பின்னரும் இது நிகழ்ந்தது. மன்செஸ்ரர் நகரிலே றாஷ்போர்ட்டின் சுவரோவியத்தைச் சிலர் மாசுபடுத்தினர். அயலவரோ அன்பு மொழிகளைத் தாளில் எழுதி ஒட்டி அம்மாசை மறைத்தனர். 2022 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியின்போது, இழிசொற்களை வீரரின் கண்ணிற் படுமுன் மறைக்கும் ஒரு சேவையை உலக உதைபந்தாட்டச் சம்மேளனமும் வீரர் சங்கமும் ஏற்படுத்தின. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. இன்று உலகவாய்க்கு மூடி தேட வேண்டியதாயிற்று.

மூன்றாவது தீமை நிலையாமை. ஆறு நொடிப் படங்களுக்குப் பேர்பெற்ற 'வைன்' என்னும் தளம் 2017 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. கூகிள் நிறுவனத்தின் 'கூகிள் பிளஸ்' 2019 ஆம் ஆண்டில் முடிவெய்தியது. இந்தியாவில் 2020 ஆம் ஆண்டு யூன் மாதம் டிக்டொக் தடை செய்யப்பட்டது. அங்கு அதிற் சேர்த்த கூட்டமெல்லாம் ஒரே நாளிற் கலைந்தது. எமது நாட்டிலும் 2018 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலும், 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும், 2022 ஆம் ஆண்டு ஏப்பிரிலிலும் சமூக வலைத்தளங்கள் தற்காலிகமாக முடக்கப்பட்டமையை யாவரும் அறிவர். வலைத்தளப் பக்கம் வாடகை வீடு போன்றது. வீட்டுக்காரன் கதவைப் பூட்டினால் உள்ளே இருக்கும் பொருளும் எமக்கில்லை.

இவற்றையெல்லாம் கூறியது கல்லூரிகள் இவ்வூடகத்தை விலக்க வேண்டும் என்பதற்காக அன்று. கழகத்துக்கும் கல்லூரிக்கும் உள்ள வேற்றுமையை மறத்தலாகாது என்பதற்காகவே. கழகத்து வீரன் வளர்ந்தவன், கூலி பெறுபவன், காப்பதற்குச் சட்டத்தரணியும் முகவரும் உடையவன். எம் மைதானத்தில் ஆடுபவனோ பதினைந்து பதினாறு வயதுச் சிறுவன். கடைசிப் பந்துப் பரிமாற்றத்தில் அவன் ஒரு பிடியைத் தவறவிட்டால், முன்னாளில் அது மாலைக்குள் மறக்கப்படும். மறக்காதவர் கூடத் தோளிலே தட்டி விட்டுப் போவர். இன்று அதே காட்சி வெட்டி எடுக்கப்பட்டு, நகைப்புப் பாட்டுச் சேர்க்கப்பட்டு, அவன் வீடு சேருமுன் அவன் தங்கையின் கைத்தொலைபேசிக்கு வந்து விடுதல் கூடும். மறுநாள் வகுப்பறைக்கு அவன் எம்முகத்தோடு வருவான்? அடுத்த வாரம் பயிற்சிக்கு வருவானா? கல்லூரிப் பக்கத்தை நடத்துவோர் முதலிற் கேட்க வேண்டிய வினா இதுவே. அவுஸ்திரேலியா 2025 ஆம் ஆண்டு திசெம்பர் முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களிற் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துள்ளமையும் இத்தகைய கவலையாலேயே.

ஆகவே, கல்லூரியின் விளையாட்டுப் பக்கத்துக்குச் சில ஒழுங்குகளை நாம் முன்வைக்கின்றோம். முதலாவது, பக்கம் கல்லூரியின் பெயரால் இருத்தல் வேண்டும். ஒருவரின் சொந்தச் சொத்தாக இருத்தலாகாது. கடவுச்சொல்லை விளையாட்டுப் பொறுப்பாசிரியரும் அதிபர் நியமிக்கும் இன்னொருவரும் வைத்திருந்து, பொறுப்பு மாறும்போது எழுத்து மூலம் கையளித்தல் நன்று. இரண்டாவது, மாணவர் படத்தையும் பெயரையும் பெற்றோர் சம்மதத்தோடு வெளியிடுக; வீட்டு முகவரி முதலியவற்றை எக்காரணத்தாலும் வெளியிடற்க. மூன்றாவது, தவறிய பிடியும் வீழ்ந்த ஓட்டக்காரனும் நகைப்புக்குரிய காட்சியாகக் கல்லூரிப் பக்கத்தில் ஒருபோதும் வரலாகாது. நான்காவது, எதிரணியாரின் திறமையைப் பெயர் சொல்லிப் பாராட்டுக. தோல்வியையும் வெற்றியை எழுதும் அதே அளவில் எழுதுக.

ஐந்தாவது, துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் மட்டுமன்றிச் சதுரங்கம், கரம், மேசைப்பந்து, மெய்வல்லுநர்ப் போட்டி ஆகியவற்றில் ஈடுபடும் மாணவரும் பக்கத்தில் இடம்பெறுதல் வேண்டும். பத்திரிகை இடமின்றி விட்டவர்க்கு இங்கே இடத்துக்குக் குறைவில்லை. ஆறாவது, மறுமொழிகளை ஒவ்வொரு நாளும் ஒருவர் பார்வையிட்டு, மாணவரை இகழ்வனவற்றை உடனே நீக்குதல் வேண்டும். ஏழாவது, பதிவு எழுதும் பணியை உயர்வகுப்பு மாணவரிடமே கொடுத்து, ஆசிரியர் திருத்திய பின் வெளியிடுக. ஆட்டத்தைப் பிழையற்ற நல்ல தமிழில் ஐந்து வரியிற் சொல்லப் பழகுவது எந்தக் கட்டுரைப் பயிற்சிக்கும் குறைந்ததன்று. எட்டாவது, ஆட்டப் புள்ளிவிபரங்களையும் நல்ல படங்களையும் ஆண்டிறுதியில் அச்சிட்டுக் கல்லூரிச் சஞ்சிகையிலும் நூலகத்திலும் சேர்த்து வைக்குக. முன்னோர் அச்சிட்டு வைத்தமையாலன்றோ பழைய அணிகளின் பெயரை நாம் இன்றும் படிக்கின்றோம்?

பழைய மாணவராகிய பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆட்டம் முடிந்த இரவிலே வட்ஸ்அப் குழுக்களில் அணித் தெரிவைப் பற்றியும் பயிற்சியாளரைப் பற்றியும் அனல் பறக்க எழுதுவோர் உளர். அவ்வெழுத்து கல்லூரியின்மேற் கொண்ட அன்பாற் பிறந்ததே என்பதில் ஐயமில்லை. ஆனால் அஃது அக்குழுவோடு நில்லாது. ஒருவர் மற்றொருவருக்கு அனுப்ப, முடிவிலே சிறுவனின் கண்ணிலேயே போய் விழும். தன்னைப் பற்றித் தந்தை வயதுடைய ஒருவர் எழுதியதை அவன் படிப்பான். குறை இருப்பின் அதிபருக்கோ சங்கக் காரியதரிசிக்கோ கடிதமாக எழுதுக. நிறை இருப்பின் பக்கத்திலே எல்லாருங் காண எழுதுக. தொரந்தோவிலிருந்து ஒரு பழைய மாணவர் "தம்பி, நன்றாக ஆடினாய், அடுத்த முறை வெல்வாய்" என எழுதும் ஒரு வரி, தோற்ற அணியை மறுநாட் பயிற்சிக்கு அழைத்து வரும். முன்பு மைதான ஓரத்து மரநிழலில் நின்று பெரியோர் செய்த வேலையை இன்று திரையின் வழியாகச் செய்யலாம் என்பதே இதன் பொருள்.

கருவி எதுவாயினும் அதனைக் கையாள்வோர் உள்ளம் எத்தகையதோ அத்தகையதே பயனும். எமது கல்லூரிப் பக்கத்தை ஆயிரம் பேர் பார்த்தாலும் பதினாயிரம் பேர் பார்த்தாலும், களத்தில் நிற்கும் மாணவன் "இவர்கள் என்னவர்" என உணர்வானாயின் அதுவே போதும். அந்நம்பிக்கையைக் காத்தல் ஆசிரியர், மாணவர், பழைய மாணவர் ஆகிய முத்திறத்தார்க்கும் உரிய கடன். அக்கடனை யாவரும் ஒருமனப்பட்டு ஆற்றக் கல்லூரி அன்னையின் புகழ் மேலும் ஓங்குவதாக.